அமைச்சரிடம் மறைத்தவை

தம்பி,

நீ என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் செய்தியை நான் கேட்டு இன்றோடு மூன்று நாளாகிறது. அம்மா கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைத்து இதை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடாதே. மூன்று நாளாக நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பருப்புக்கு உப்புப் போட மறந்து சிரிக்கிறேன், மெத்ரோ ரயிலில் தனியே இருந்து சிரித்து எதிரில் இருந்த பெண்ணை இடம் மாறி உட்கார வைத்தேன். நேரில் பேசுவது எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடக் கூட்டங்களில் பேச வேண்டியதையெல்லாம் வீட்டில் தாளில் எழுதிக்கொண்டு போனவள் நான். இதையும் அப்படியே எடுத்துக்கொள்.

புதன்கிழமை தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். உங்கள் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் மணியண்ணை பின்னால் வந்து நின்று, "என்ன தங்கச்சி, இப்பப் போய் கத்தரிக்காயோ? ஆட்டிறைச்சி வாங்குங்கோ!" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்கட மோன்தானே இப்ப எங்கட பெரியாள். முழுத் தொழிற்சாலையும் அவற்ர பொறுப்பிலை. கேக் வெட்டியே மூண்டு கிழமையாச்சு. உங்களுக்குத் தெரியும்தானே?" நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே, "ஓம் ஓம், தெரியும்" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இனி நான் அவரைத் தம்பி எண்டு கூப்பிடலாமோ, இல்லாட்டி மெசியூ எண்டு கூப்பிட வேணுமோ?" என்று கேட்டார். "அதை அவனிட்டையே கேளுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு பேருக்குச் சமைக்கப் போனவளின் பையில் பதினொரு கத்தரிக்காய் இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை அப்பாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போக வேண்டியவள் மெத்ரோவின் செம்மஞ்சள் தடத்திலிருந்து மாறி மஞ்சள் தடத்தில் ஏறி, ஆற்றுக்குக் கீழால் அக்கரையில் இருக்கும் லொங்குய்ய் போனேன். அங்கேயிருந்து பேருந்து. கத்தரிக்காய்ப் பையோடு உன் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றேன். வாசலுக்குப் பக்கத்தில், நிலத்தில் 'இயக்குநர்' என்று பிரெஞ்சில் வெள்ளை எழுத்துப் போட்ட இடத்தில் உன் கார் நின்றது. கழுவி எத்தனை மாதம்? பின் கண்ணாடித் தூசியில் விரலால் ஏதாவது எழுதலாமா என்று யோசித்தேன். அதற்குள் காவலுக்கு நின்ற மனிதர் வந்து "மதாம்?" என்றார். வழி தவறிவிட்டேன் என்று சொன்னேன். அவர் மிக மரியாதையாகப் பேருந்துத் தரிப்புவரை வந்து வழி காட்டினார். நல்ல மனிதர். அவரை நன்றாக வைத்துக்கொள்.

திரும்பி வரும்போதுதான் நெஞ்சில் கொஞ்சம் குத்தியது. மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறாய். மூன்று தரமும், "வேலை எப்பிடி?" என்று கேட்டேன். மூன்று தரமும், "பரவாயில்லை அம்மா, வழமைபோலதான்" என்றாய். வழக்கம்போல இரண்டு பெட்டியில் சோறும் கறியும் கட்டிக்கொண்டு போனாய். முன்பு ஒரு பெட்டிதான் கொண்டுபோவாய். இரண்டு வருடமாக உனக்குப் பசி கூடிவிட்டது. சந்தோசமான செய்தியை ஒரு பிள்ளை தாயிடம் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே எங்கள் ஹென்றி-பூராசா நிலையத்தில் இறங்கினேன். மேலே ஏறும் படிக்கட்டில் விடை கிடைத்துவிட்டது. விடையை நான் முப்பது வருடத்துக்கு முன்பே எழுதி, தட்டச்சுச் செய்து, நீல அட்டை போட்டுப் பல்கலைக்கழகத்தில் கொடுத்திருந்தேன். அங்கேதான் சிரிப்புத் தொடங்கியது.

அந்த நீல அட்டைப் புத்தகத்தை நீ சின்னப் பிள்ளையில் கதிரையில் வைத்து அதன்மேல் ஏறி இருந்து சாப்பிட்டிருக்கிறாய். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். முதல் நாள் கட்டடத்தின் வாசல் எதுவென்று கேட்க வெட்கப்பட்டு, யாராவது உள்ளே போவார்களா என்று பனியில் காத்து நின்றவள். முதுகலை வகுப்பில் பேராசிரியர் ஆய்வுத் தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தார். விரும்பியவர்கள் கை தூக்கினார்கள். எனக்குக் கை எழவில்லை. நல்ல தலைப்புகள் எல்லாம் போய்விட்டன. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒன்று: சோவியத் நாட்டில் ஒரு தொழிற்சாலை இயக்குநர் அமைச்சரான கதை. பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இரண்டு வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்தேன். அப்பா அவருக்கு 'உம்மட மற்ற மனுசன்' என்று பெயர் வைத்தார்.

அந்த மற்ற மனுசன் ஒரு வண்டிக்காரரின் மகன். வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள். கடைசல் பட்டறையில் கூட்டித் துடைக்கிற வேலையில் சேர்ந்து, கடைசல்காரராகி, மாலைநேரக் கல்லூரியில் பொறியியல் படித்து, மேற்பார்வையாளராகி, பிரிவுத் தலைவராகி, தலைமைப் பொறியியலாளராகி, கடைசியில் அதே தொழிற்சாலைக்கு இயக்குநரானார். போர்க்காலத்தில் இயந்திரங்களை ரயிலில் ஏற்றி மலைப்பக்கம் கொண்டுபோய், கூரை போடுவதற்கு முன்பே பனிக்குள் வைத்து ஓட்டினார். வயதான காலத்தில் தன் நினைவுகளை ஒரு மெல்லிய புத்தகமாக எழுதியிருந்தார். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு எங்கள் நூலகத்தில் இருந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விசயம். அவர் காலையில் முன்வாசலால் போவதில்லையாம். பின்வாசலால், கழிவுக் குவியலைப் பார்த்துக்கொண்டு போவாராம். எந்த இயந்திரம் பிழை விடுகிறது, எந்த ஆள் வீட்டுப் பிரச்சினையோடு வேலைக்கு வந்திருக்கிறான் என்பதெல்லாம் அந்தக் குவியலில் தெரிந்துவிடுமாம். தாளில் எழுதி மேலே வருவது வேறு, பின்வாசலில் கிடப்பது வேறு. நீயும் வாரத்தில் ஒருநாளாவது பின்வாசலால் போ.

ஆனால் ஒரு விசயம் எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய தொழிற்சாலை ஒவ்வொரு வருடமும் திட்டத்தில் நூற்றியொரு வீதம், நூற்றியிரண்டு வீதம் என்றே முடித்திருந்தது. எப்படி ஒரு மனிதர் இவ்வளவு ஒழுங்காக இருக்க முடியும் என்று வியந்து, 'நேர்மையான நிர்வாகி' என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். அந்த நாட்களில்தான் வேரா அறிமுகமானாள். பகலில் உன்னை விட்டிருந்த குழந்தைகள் காப்பகத்தில் அவளுடைய மகள் உன் காதைக் கடித்துவிட்டாள், மன்னிப்புக் கேட்க வந்தவள். என் வயதுதான். ரஷ்யாவில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் வேலை செய்தவள், இங்கே பேக்கரியில் பாண் அடுக்கினாள். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அதனால் இரண்டு பேருக்கும் கூச்சமில்லாமல் போனது. என் அத்தியாயத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தேநீர் புரையேறிச் சிரித்தாள்.

"உன்ர ஆள் நேர்மையான ஆள் இல்லையடி, கெட்டிக்கார ஆள்" என்றாள், தன் உடைந்த பிரெஞ்சில். "நூற்றிருபது செய்யக்கூடிய ஆள் நூற்றியொண்டு எண்டு எழுதுவான். நூற்றிருபது எண்டு உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும்? அமைச்சு கை தட்டும், பதக்கம் குடுக்கும். அடுத்த வருசத் திட்டம் நூற்றிருபதிலதான் தொடங்கும். அதுக்கடுத்த வருசம் நூற்றிமுப்பது. எங்கட இடத்தில ஒரு சுவரே பொய்ச் சுவர். பின்னால பெட்டி பிரிக்காத இயந்திரங்கள் கிடந்தது. எல்லாருக்கும் தெரியும், அமைச்சுக்கு மட்டும் தெரியாது." பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, "நீயும் அமைச்சு மாதிரித்தான். தாளை நம்புறாய்" என்றாள். அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன். சாதித்தவனுக்குப் பரிசாகக் கூடுதல் சுமை வைத்தால், அவன் சாதனையை மறைக்கப் பழகுவான் என்று நாற்பது பக்கம் எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் மூன்று முறை 'நன்று' என்று எழுதியிருந்தார்.

இப்போது உன் எட்டாம் வகுப்புக்கு வருகிறேன். நீ கணக்கில் தொண்ணூற்றொன்று எடுத்துக்கொண்டு வந்தாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "நல்லது ராசா. மற்ற ஒன்பதும் எங்கை?" அடுத்த முறை தொண்ணூற்றி நான்கு. "மற்ற ஆறு?" நான் பகிடியாகத்தான் கேட்டேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகிடி இல்லை. அதற்குப் பிறகு உன் புள்ளிகள் எண்பத்தாறில் வந்து நின்றன. எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தாறு. பிள்ளைக்கு ஏதோ விளங்கவில்லை என்று சனிக்கிழமைகளில் உன்னை வகுப்புக்கு அனுப்பினேன். உன் பந்தாட்டம் போனது.

உன் கணக்கு ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். மேசையில் உன் விடைத்தாள்களை வரிசையாகப் பரப்பி, ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கடைசிக் கேள்விக்கான இடம் வெறுமையாக இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் பென்சில் தடம். கேள்வியை முழுக்கச் சரியாகச் செய்து, பிறகு நன்றாக அழித்திருந்தாய். எல்லாத் தாளிலும் அப்படியே. "மதாம், இந்தப் பையன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்டார். நான் எழுதிக்கொண்டு போன தாளில் அதற்கு விடை இல்லை.

பேருந்தில் உன்னைக் கேட்டேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "நான் தொண்ணூற்றைஞ்சு எடுத்தா நீங்கள் தொண்ணூற்றெட்டுக் கேப்பியள். எண்பத்தாறு எடுத்தா எண்பத்தெட்டுத்தானே கேப்பியள். அது எனக்கு லேசு." பதின்மூன்று வயது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் குளித்துவிட்டுத் தலை துடைத்துக்கொண்டிருந்தார். துவாயை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இஞ்சேருங்கோ, சிரிக்கிற விசயமே இது?" "வேற என்ன செய்யச் சொல்லுறீர்? நீர் எழுதின தீசிசை இவன் ஏறி இருந்தே படிச்சு முடிச்சிட்டான்!" அன்றிலிருந்துதான் அப்பா என்னை 'மினிஸ்டர்' என்று கூப்பிடத் தொடங்கினார். ஏனென்று நீ கேட்டபோது நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. இன்றைக்குத் தெரிந்துகொள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் உனக்கு வாக்குக் கொடுத்தேன். இனி மற்ற ஒன்பதைக் கேட்க மாட்டேன் என்று. சனிக்கிழமை வகுப்பு நின்றது. உன் பந்தாட்டம் திரும்பி வந்தது. அடுத்த தேர்வில் நீ தொண்ணூற்றொன்பது கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். சரியாக ஒரு வருடம். அடுத்த வருடம் யாரோ ஒருவருடைய மகள் மருத்துவம் படிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு வந்து, "நீயும் யோசிச்சுப் பாரன் தம்பி, உன்ர புள்ளிக்கு இதென்ன பெரிய விசயமே?" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாய். அந்த வாரமே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாள் காணாமல் போனது.

இதில் வெட்கப்பட இன்னொன்றும் இருக்கிறது. நானே மறைக்கிற பக்கம் இருந்தவள்தான். இளங்கலை முடித்ததும் தொலைபேசி அட்டை வாங்கி, கொழும்பில் இருந்த என் அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். லொறி ஓட்டி எங்களை வளர்த்த மனிதர். "நல்லது பிள்ளை. அப்ப அடுத்தது என்ன?" என்றார். அவருக்கு அது ஆசை. எனக்கு மட்டும் எட்டாவது மாடியிலிருந்து கீழே பார்த்த மாதிரி இருந்தது. முதுகலையில் சேர்ந்ததை அவரிடம் நான் எட்டு மாதம் சொல்லவில்லை. மறைக்கிற ஆளாக இருந்து கேட்கிற ஆளாக மாறினேன். மறைத்ததை மறந்தும் போனேன்.

என் ஆய்வில் வந்த அந்த மனிதருக்கும் இதேதான் நடந்தது. இயக்குநராக இருந்தவரைத் தலைநகருக்குக் கூப்பிட்டு அமைச்சராக்கினார்கள். எல்லா இயக்குநர்களும் மறைக்கிறார்கள் என்று அறிந்த அமைச்சர். ஒருமுறை தன் பழைய பட்டறைத் தோழர் இயக்குநராக இருந்த தொழிற்சாலைக்குப் போனார். "அடுத்த வருடம் உன் திட்டத்தை உயர்த்த மாட்டேன். இருப்பதைக் காட்டு" என்று கையைப் பிடித்துச் சொன்னார். தோழர் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் கொல்லைப்புறக் கொட்டகையைத் திறந்துவிட்டார். பெட்டி பிரிக்காத கடைசல் இயந்திரங்கள், செப்புக் கம்பிச் சுருள்கள், மோட்டார்கள். அந்த வருடம் அந்தத் தொழிற்சாலை கொண்டாட்டமாக ஓடியது. அடுத்த வருடம் சொன்னபடி திட்டம் உயரவில்லை. அதற்கடுத்த வருடம் மேலிருந்து நெருக்கினார்கள், அமைச்சர் கையெழுத்துப் போட்டார். பிறகு எத்தனையோ முறை அங்கே போனாராம். தோழர் கை கொடுப்பாராம், முகத்தைப் பார்க்க மாட்டாராம். கொட்டகைக் கதவு திரும்பத் திறக்கவே இல்லையாம். ஆய்வுத் தேர்வில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இயக்குநராக இருந்தபோது தெரியாத எதை அவர் அமைச்சராகிக் கற்றுக்கொண்டார்?" நான் நீல அட்டைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றேன். பாவம் பார்த்துத் தேர்ச்சி கொடுத்தார்கள். இன்றைக்குக் கேட்டால் சொல்வேன்: புதிதாக ஒன்றும் கற்கவில்லை ஐயா, தெரிந்திருந்ததைத்தான் மறந்துபோனார்.

தம்பி, இப்போது உனக்குக் கீழே மணியண்ணை போல எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் ஒருநாள் உன் அறைக்கு வந்து, எட்டு மணி நேர வேலையை ஆறு மணி நேரத்தில் முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று சொல்வார். அப்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். உடனே அடுத்ததைக் கேட்டுவிடாதே. எப்படிச் செய்தீர்கள் என்று கேள். எழுந்து போய் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார். மிஞ்சிய நேரம் கொஞ்சமாவது அவருக்கே இருக்கட்டும். நல்ல செய்தி ஒரு நாளாவது நல்ல செய்தியாகவே இருக்க வேண்டும். நான் படித்து எழுதியதில் மிச்சம் இவ்வளவுதான். உனக்குக் கொடுக்க வேறு அனுபவம் என்னிடம் இல்லை.

நாளைக்கு ஞாயிறு. நீ வருவாய். நானாக எதையும் கேட்கப் போவதில்லை என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அப்பா, "உம்மால ஏலுமே மினிஸ்டர்?" என்று கேட்டார். ஏலும் என்றேன்.

மேலே உள்ளதை எழுதி வைத்தது நேற்று. இப்போது ஞாயிறு பின்னேரம், நீ போய் ஒரு மணி நேரமாகிறது. பாத்திரம்கூடக் கழுவாமல் வந்து இருந்து எழுதுகிறேன்.

புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வைத்தேன். நாலு நாளாகக் கத்தரிக்காய்தான் என்று அப்பா முணுமுணுத்தார். நீ இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, வேலையில ஒரு சின்ன மாற்றம்" என்றாய். "முழுத் தொழிற்சாலைக்கும் என்னைப் பொறுப்பாப் போட்டிருக்கினம்." சொல்லிவிட்டு நீ காத்திருந்தாய். நான் பார்த்தேன் தம்பி. உன் தோள் கொஞ்சம் உயர்ந்து, அடி விழப்போகிற பிள்ளை மாதிரி நின்றது. முப்பத்தொரு வயது இயக்குநரின் தோள். என் வாய்க்குள் கேள்விகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தலைமை அலுவலகம் எப்போது? பெரிய வீடு எப்போது? எல்லாவற்றையும் விழுங்கினேன். "எனக்கு நல்ல சந்தோசம் ராசா" என்றேன். "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?"

நீ அப்பாவைப் பார்த்தாய். அப்பா புட்டைப் பார்த்தார். "வேற ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றாய்.

"இல்லை."

"ஒண்டுமேயோ?"

"காரை ஒருக்கால் கழுவு. இயக்குநரின்ர கார் அப்பிடியே நிக்கிறது?"

நீ வாயில் புட்டோடு என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்பா மேசையில் கவிழ்ந்து சிரித்தார். கத்தரிக்காய்ப் பை, காவலாளி, எல்லாம் வெளியே வந்தது. நீ சிரித்துக் கண்ணைத் துடைத்தாய். உன் தோள் இறங்கியது. பிறகு தண்ணீர் குடித்தாய். குவளையை வைத்தாய். "அப்ப... இன்னொண்டும் இருக்கு" என்றாய்.

கமீல். லவாலில் இருக்கிறாள். கண் மருத்துவமனையில் வேலை. நீங்கள் பழகி இரண்டு வருடம். இரண்டு வருடமாக மறைத்து வைத்திருந்தாய், கள்ளா. அப்பா வாயைத் திறந்தார். "எப்ப..." என்று தொடங்கிவிட்டார். மேசைக்குக் கீழே நான் அவருடைய காலை மிதித்தது உனக்குத் தெரிந்திருக்காது. அவர் உடனே, "எப்ப... எப்ப பாத்தாலும் இந்த வீட்டில கத்தரிக்காய்" என்று முடித்தார். நான் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன். அவளுக்குப் புட்டுப் பிடிக்குமோ என்று.

"பிடிக்குமோவோ?" என்றாய். "அந்த ரெண்டாவது பெட்டி ஆருக்கெண்டு நினைச்சீங்கள்?"

இந்த முறை என் வாக்கு ஒரு வருடத்துக்கு அல்ல. பிசகினால் அப்பாவைப் போல நீயும் என்னை மினிஸ்டர் என்று கூப்பிடு, உடனே நிறுத்திக்கொள்வேன். வருகிற ஞாயிறு பெட்டி ஒன்றும் கட்டமாட்டேன். அவளையே கூட்டிக்கொண்டு வா.

அம்மா